ஆங்கில நிகழ்காலமும் இறந்தகாலமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களும், பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் வேலைக்காகவோ வெளிநாட்டில் வளரும் உறவுப் பிள்ளைகளோடு பேசுவதற்காகவோ ஆங்கிலத்தை மறுபடி கையிலெடுக்கும் பெரியவர்களும் எங்கள் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலச் சொற்கள் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. எழுத்துக்கூட்டலைப் பாடநூலிலோ அகராதியிலோ பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு காலங்களையும் ஒரேயடியாகப் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் பன்னிரண்டு கட்டங்களைக் கீறி, எல்லாவற்றையும் பாடமாக்கச் சொல்லும் வழக்கம் பல மாணவர்களை ஆங்கிலத்திலிருந்து விரட்டியிருக்கிறது என்றே கருதுகிறேன். பேச்சுக்கும் எழுத்துக்கும் முதலில் தேவைப்படுபவை நான்குதான்: சிம்பிள் பிரசென்ட் (ஐ கோ), பிரசென்ட் கொன்டினியூவஸ் (ஐ அம் கோயிங்), சிம்பிள் பாஸ்ட் (ஐ வென்ட்), பாஸ்ட் கொன்டினியூவஸ் (ஐ வோஸ் கோயிங்). இந்த நான்கும் வாயில் தங்கிய பிறகு, ஹாவ் சேர்ந்து வரும் பிரசென்ட் பெர்ஃபெக்டை ஐந்தாவதாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் ஒரே சொல்லில் முடிவதற்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு மூன்று சொற்கள் வருகின்றன?

இந்தக் கேள்விக்குரிய பதிலைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றவை எளிதாகிவிடும் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 'ஓடினான்' என்ற சொல்லைப் பகுபத உறுப்புகளாகப் பிரிக்கும்போது 'ஓடு' பகுதி, 'இன்' இறந்தகால இடைநிலை, 'ஆன்' விகுதி என்று எழுதுகிறோம். செயலும் காலமும் ஆளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் 'அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்', 'அவள் படித்துக்கொண்டிருந்தாள்' என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'படித்துக்கொண்டு' என்ற பகுதி இரண்டிலும் அசையாமல் நிற்கிறது. இறுதியில் வரும் 'இரு' என்ற துணைவினை மட்டுமே காலத்துக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே தமிழிலும் வினைகள் தொடராக வரும்போது அவற்றுள் ஒன்றுதான் காலத்தைத் தாங்குகிறது, அது எப்போதும் கடைசியில் நிற்பது.

ஆங்கிலம் இதையே தலைகீழாகச் செய்கிறது. 'ஷீ இஸ் ரீடிங்', 'ஷீ வோஸ் ரீடிங்' என்பவற்றில் 'ரீடிங்' மாறவில்லை. முன்னே நிற்கும் 'இஸ்' 'வோஸ்' ஆனது. ஆங்கில வினைத்தொடரில் காலத்தைத் தாங்குவது முதல் வினை, அது மட்டுமே. வினை ஒன்றே ஒன்றாக இருந்தால் காலம் அதிலேயே ஏறும்; துணைவினை ஒன்று முன்னே வந்து நின்றால் காலம் அதற்குப் போய்விடும், பின்னால் வரும் வினை காலத்தைக் கைவிட்டுவிடும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியின் விளைவுகளே.

'ஐ அம் கோ டு ஸ்கூல்' ஏன் பிழை?

'அம்' என்பதற்கு 'இருக்கிறேன்' என்று பொருள் பாடமாக்கியவர்கள், 'ஐ' வந்தால் 'அம்' வந்தே தீர வேண்டும் என்று பழகிவிடுகிறார்கள். பழக்கமாகப் போவதைச் சொன்னால் 'ஐ கோ டு ஸ்கூல்'. இப்போது போய்க்கொண்டிருப்பதைச் சொன்னால் 'ஐ அம் கோயிங் டு ஸ்கூல்'. இரண்டையும் கலக்கக் கூடாது.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. தமிழில் 'அவர் ஆசிரியர்' என்றால் வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது, வினை தேவையில்லை. ஆங்கில வாக்கியத்துக்கு வினை கட்டாயம் என்பதால் 'ஹீ இஸ் எ டீச்சர்' என்றே சொல்ல வேண்டும்; ஓய்வு பெற்றவர் என்றால் 'ஹீ வோஸ் எ டீச்சர்'. நிகழ்காலத்தில் ஐ-க்கு அம், ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு இஸ், யூ, வீ, தே ஆகியவற்றுக்கு ஆர். இறந்தகாலத்தில் ஐ, ஹீ, ஷீ, இட் நான்குக்கும் வோஸ், மற்றவற்றுக்கு வேர்.

ஹீ, ஷீ வரும்போது வினையோடு எஸ் சேர்க்க மறந்துவிடுகிறோம். இதற்கு வழி உண்டா?

'அவன் வருகிறேன்' என்று நம் வீட்டுச் சிறு பிள்ளைகூடச் சொல்லாது. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி போடும் மொழி நம்முடையது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் இத்தகைய விகுதிகள் பல இருந்தன. அவை காலப்போக்கில் உதிர்ந்துபோக, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்குரிய எஸ் மட்டும் எஞ்சியிருக்கிறது. 'ஹீ கம்' என்று சொல்வது 'அவன் வருகிறேன்' என்று சொல்வதற்கு ஒப்பான பிழை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அந்த எஸ் இலகுவில் தவறாது.

எங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பிழை நீடிப்பதற்கு மரியாதைப் பன்மையும் ஒரு காரணம். 'அம்மா வருகிறார்', 'அதிபர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று மதிப்போடு சொல்லிப் பழகிய பிள்ளை, 'மை மதர் கம்', 'த பிரின்சிபல் ஆர் கமிங்' என்று எழுதுகிறது. ஆங்கில வினையில் மரியாதைக்கு இடமில்லை. ஒருவர் என்றால் ஒருமைதான். எனவே 'மை மதர் கம்ஸ்', 'த பிரின்சிபல் இஸ் கமிங்' என்றே எழுத வேண்டும்.

எழுதி முடித்தபின் சரிபார்க்க ஒரு வழி: 'த போய் கோஸ்', 'த போய்ஸ் கோ'. சாதாரணப் பெயர்ச்சொற்களில், எஸ் எழுவாயில் இருந்தால் வினையில் இராது, வினையில் இருந்தால் எழுவாயில் இராது. இரண்டிலும் இருந்தாலோ, இரண்டிலும் இல்லாவிட்டாலோ மறுபடி வாசியுங்கள்.

'ஹீ டஸ் நொட் கம்' என்பதில் மட்டும் அந்த எஸ் எங்கே போனது?

'டஸ்' என்பதற்குள் போய்விட்டது. துணைவினை முன்னே வந்துவிட்டதால் காலமும் எஸ்ஸும் அதில் ஏறிவிட்டன. 'ஹீ டஸ் நொட் கம்ஸ்' என்பது ஒரே விகுதியை இரண்டு முறை போட்ட பிழை.

'நான் படிக்கிறேன்' என்பதை 'ஐ ஸ்டடி' என்பதா, 'ஐ அம் ஸ்டடியிங்' என்பதா?

தமிழில் 'படிக்கிறேன்' இரண்டுக்கும் பொருந்தும். 'இவன் மத்திய கல்லூரியில் படிக்கிறான்' என்றாலும் 'சத்தம் போடாதே, தம்பி படிக்கிறான்' என்றாலும் நமக்கு ஒரே வினைதான். ஆங்கிலம் இங்கே பிரித்துக் கேட்கும்: இது வழமையாக நடப்பதா, இந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதா?

எங்கள் மாவட்டங்களில் பெரும்போக நெல் ஒக்டோபர் மாதமளவில் விதைக்கப்படுகிறது. இது ஆண்டுதோறும் நடக்கும் பொது உண்மை என்பதால், 'ஃபாமர்ஸ் சோ பாடி இன் ஒக்டோபர்' என்று சிம்பிள் பிரசென்டில் சொல்ல வேண்டும். இதை ஜூலை மாதத்தில் சொன்னாலும், வயலில் ஒருவரும் இல்லாதபோது சொன்னாலும் வாக்கியம் சரியானதே. வவுணதீவுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வெளியே வயலில் ஆட்கள் விதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதானால், 'தே ஆர் சோயிங் பாடி' என்று சொல்ல வேண்டும். எவ்ரி டே, ஒல்வேய்ஸ், யூஷுவலி போன்ற சொற்கள் முதலாவதோடும், நௌ போன்றவை இரண்டாவதோடும் பெரும்பாலும் சேர்ந்து வரும். ஆனால் அந்தச் சொற்களைத் தேடி விடை எழுதும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நிஜப் பேச்சில் அவை இல்லாமலேயே வாக்கியங்கள் வரும்.

நாளை நடக்கப் போவதற்கும் நிகழ்காலத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். 'நாளைக்குக் கொழும்புக்குப் போறன்' என்று நாம் சொல்வது போலவே, முன்கூட்டித் தீர்மானித்த பயணத்தை 'ஐ அம் கோயிங் டு கொலம்போ டுமோரோ' என்பார்கள். உதயதேவி ரயில் புறப்படும் நேரம் போன்ற நேர அட்டவணைச் செய்திகளுக்கு 'த ட்ரெயின் லீவ்ஸ் இன் த மோர்னிங்' என்று சிம்பிள் பிரசென்ட் வரும்.

'ஐ அம் நோயிங் ஹிம்' என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். ஏன்?

அறிதல், விரும்புதல், நம்புதல், தேவைப்படுதல், உடைமை ஆகியவை தொடங்கி நடந்து முடியும் செயல்கள் அல்ல; அவை நிலைகள். நோ, லைக், பிலீவ், நீட், வோன்ட், ஓன் போன்ற வினைகள் வழமையாக ஐ.என்.ஜி. ஏற்பதில்லை. 'ஐ நோ ஹிம்', 'ஐ வோன்ட் எ ஜொப்' என்றே சொல்லுங்கள். 'ஹாவ்' மட்டும் சற்று வேறுபடும். உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்', உண்பதைச் சொல்லும்போது 'வீ ஆர் ஹாவிங் லஞ்ச்'.

இறந்தகால ஈ.டி.யை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

எழுதுவது எளிது. பெரும்பாலான வினைகளோடு ஈ.டி. சேரும், ஏற்கெனவே ஈ-யில் முடிந்தால் டி மட்டும் போதும். ஸ்டடி போல மெய்க்குப் பின் வை வந்தால் வை ஐ ஆக மாறும். பிளே போல உயிருக்குப் பின் வை வந்தால் மாறாது. ஸ்டொப் போன்ற குறுகிய சொற்களில் இறுதி மெய் இரட்டிக்கும்.

உச்சரிப்பில்தான் கவனம் வேண்டும். எங்கள் வகுப்புகளில் 'வோக்கெட்', 'வாஷெட்', 'ஓபனெட்' என்று எல்லாவற்றுக்கும் ஓர் அசையைக் கூட்டிச் சொல்வது மிகப் பரவலாகக் கேட்கிறது. கூடுதல் அசை வருவது டீ அல்லது டி ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும்: வோன்ட், வோன்டட், நீட், நீடட். மற்றவற்றில் அது ஒரு மெய்யொலிதான்: வோக்ட், வாஷ்ட், ஹெல்ப்ட், பிளேய்ட், ஓபன்ட். 'த ஓல்ட் பிரிட்ஜ் அட் கல்லடி ஓபன்ட் இன் 1924' என்ற வாக்கியத்தை 'ஓபன்ட்' இரண்டே அசையில் ஒலிக்கும்படி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். அசையைக் கூட்டுவதற்கு அஞ்சி அந்த மெய்யை முழுவதுமாக விழுங்கிவிடுவதும் பிழையே, ஏனெனில் 'ஐ வோக்' என்றால் கேட்பவருக்கு அது நிகழ்காலம்.

ஒழுங்கற்ற வினைகளை எப்படிப் பாடமாக்குவது?

ஏறத்தாழ 200 ஒழுங்கற்ற வினைகள் உள்ளன, அவற்றுள் பல அரிதாகவே வருபவை. கோ, கம், சே, டேக், கிவ், ஈட், ரைட் போன்று நாள்தோறும் வாயில் வருபவை பெரும்பாலும் ஒழுங்கற்றவையாகவே இருப்பதுதான் கற்பவருக்குச் சிரமம். தமிழும் அப்படித்தான்: வா, வந்தான், தா, தந்தான், சா, செத்தான். பிறமொழியாளர் ஒருவர் நம் மொழியைக் கற்கும்போது இதே சிரமத்தைப் படுவார்.

அகர வரிசையில் பாடமாக்காமல், ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள். பை, போட், பிறிங், பிரோட், திங்க், தோட், டீச், டோட், காட்ச், கோட் என்பவை ஒரு கூட்டம். டிரிங்க், டிரேங்க், சிங், சாங், ஸ்விம், ஸ்வாம் என்பவை இன்னொன்று. ஹிட், கட், புட் போன்றவை மாறுவதே இல்லை: 'எ சைக்ளோன் ஹிட் பட்டிகலோவா இன் நவம்பர் 1978.'

இந்த மாறாத வினைகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஹீ கட்ஸ் த கிராஸ்' என்றால் வழமையாக வெட்டுகிறான். 'ஹீ கட் த கிராஸ்' என்றால் வெட்டினான். எஸ் இல்லாததே இங்கே இறந்தகாலத்தின் அடையாளம். 'ரீட்' இன்னும் ஒரு படி மேலே: எழுத்தில் மாற்றமில்லை, ஆனால் நிகழ்காலத்தில் 'ரீட்' என்றும் இறந்தகாலத்தில் 'ரெட்' என்றும் வாசிக்க வேண்டும்.

'ஐ டிட்ன்ட் வென்ட்' என்று எழுதினால் புள்ளி குறைக்கிறார்கள். 'போனேன்' என்பது வென்ட் தானே?

'போனேன்' என்றால் வென்ட்தான். ஆனால் 'போகவில்லை' என்பதில் 'போனேன்' எங்கே இருக்கிறது? 'போன-வில்லை' என்று நாம் ஒருபோதும் சொல்வதில்லை. காலம் காட்டாத 'போக' என்ற எச்சத்தோடு 'இல்லை' சேர்கிறது. பேச்சிலும் 'போகல்ல' என்கிறோம். ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. 'டிட்' காலத்தை எடுத்துக்கொள்கிறது, பின்னால் காலமற்ற 'கோ' நிற்கிறது: 'ஐ டிட்ன்ட் கோ'.

ஒன்பதாம் தரக் கொப்பி ஒன்றில் இருந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஐ டிட்ன்ட் வென்ட் டு ஸ்கூல் எஸ்டர்டே பிகோஸ் இட் வோஸ் ரெயின்ட்.' எழுதிய பிள்ளைக்கு இறந்தகாலம் வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கண்ட இடமெல்லாம் அதைப் போட்டிருக்கிறது. டிட் என்பதில் ஒரு முறை, வென்ட் என்பதில் மறுமுறை. வோஸ் என்பதில் ஒரு முறை, ரெயின்ட் என்பதில் மறுமுறை. முதல் வினையில் மட்டும் காலத்தை விட்டுவைத்தால் வாக்கியம் தானாகத் திருந்திவிடும்: 'ஐ டிட்ன்ட் கோ டு ஸ்கூல் எஸ்டர்டே பிகோஸ் இட் வோஸ் ரெயினிங்.' துணைவினையே இல்லாமல் 'பிகோஸ் இட் ரெயின்ட்' என்றாலும் சரி. இப்படிப்பட்ட வாக்கியத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டி எறியாமல், ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லியிருக்கிறாய் என்று விளக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்பது எப்படி?

தமிழில் இறுதியில் ஆகாரத்தைச் சேர்த்தால் போதும்: வந்தான், வந்தானா. ஆங்கிலத்தில் காலத்தைத் தாங்கும் முதல் வினை எழுவாயைத் தாண்டி முன்னே போகும். 'ஷீ இஸ் ரீடிங்' என்பது 'இஸ் ஷீ ரீடிங்?' ஆகும். முன்னே போகத் துணைவினை இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் ஆகியவற்றுள் ஒன்றை வரவழைக்க வேண்டும்.

பொத்துவில்லிலிருந்து அறுகம்பேக்கு ஓட்டோ ஓட்டும் ஒருவர் வெளிநாட்டுப் பயணியிடம் 'வேர் யூ வென்ட் எஸ்டர்டே?' என்று கேட்டால் அவருக்குப் பொருள் விளங்கிவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியான வடிவம் 'வேர் டிட் யூ கோ எஸ்டர்டே?' என்பது. இங்கேயும் டிட் வந்தவுடன் வென்ட் கோ ஆகிவிட்டது. நாள்தோறும் தேவைப்படும் 'வேர் டிட் யூ...', 'வென் டிட் யூ...', 'வட் டூ யூ...' ஆகிய தொடக்கங்களை மட்டும் நாக்குக்குப் பழக்கிக்கொண்டால், தொழிலுக்கு வேண்டிய கேள்விகளில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பாஸ்ட் கொன்டினியூவஸ் எங்கே உண்மையில் தேவைப்படும்?

நீண்டுகொண்டிருந்த ஒரு செயலின் நடுவே இன்னொன்று குறுக்கிட்டதைச் சொல்லும்போது தேவைப்படும். எங்கள் கரையோர ஊர்களில் பலருக்கு இந்த வடிவம் வேண்டியிருப்பது ஒரே நாளைப் பற்றிச் சொல்வதற்காக. 2004 டிசெம்பர் 26 காலை என்ன நடந்தது என்று வெளியூரவர் கேட்கும்போது, 'மை மதர் வோஸ் குக்கிங் வென் த வேவ் கேம்' என்று சொல்ல வேண்டும். சமையல் நடந்துகொண்டிருந்தது, ஆகவே வோஸ் குக்கிங். அலை வந்தது ஒரு கணத்தில், ஆகவே கேம். 'மை மதர் குக்ட் வென் த வேவ் கேம்' என்றால், அலை வந்த பிறகு சமைத்தார் என்ற பொருந்தாத பொருள் வந்துவிடும். அந்த நாளை ஆங்கிலத்தில் சொல்ல முயலும் பெரியவர்கள் இந்த ஒரு வாக்கிய அமைப்பை முதலில் பழகிக்கொள்வது நல்லது. அவர்கள் சொல்லும் செய்தி பிழையாகப் புரிந்துகொள்ளப்படக் கூடாது.

'ஐ ஏட்', 'ஐ ஹாவ் ஈட்டன்' இரண்டும் முடிந்துபோனவைதானே?

இரண்டும் முடிந்தவையே. முதலாவது கடந்துபோன நேரத்தில் நிற்கிறது, இரண்டாவது இப்போதைய நிலையைச் சொல்கிறது. சாப்பிட வரும்படி அழைப்பவரிடம் 'சாப்பிட்டுவிட்டேன்' என்று பதில் சொன்னால் 'ஐ ஹாவ் ஈட்டன்'. எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று சொன்னால் 'ஐ ஏட் அட் வன்'. நேற்று, போன வருடம், 2019 இல் என்று முடிந்த நேரம் ஒன்றைக் குறித்துவிட்டால் ஹாவ் வரக் கூடாது. 'ஐ ஹாவ் ஈட்டன் எஸ்டர்டே' என்பது பிழை.

மறைந்தவர்களின் வாழ்வைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். சுவாமி விபுலானந்தரைப் பற்றிய கட்டுரை எங்கள் பாடசாலைகளில் ஆங்கிலத்திலும் எழுதப்படுவதுண்டு. 'ஹீ வோஸ் போர்ன் இன் காரைதீவு இன் 1892', 'ஹீ டோட் தமிழ் அட் அண்ணாமலை யூனிவர்சிட்டி', 'ஹீ டைட் இன் 1947' என்று சிம்பிள் பாஸ்டிலேயே முழுவதையும் எழுத வேண்டும். 'ஹீ ஹாஸ் டோட்' என்று எழுதினால் அவர் இன்னும் வாழ்ந்து கற்பிப்பவர் போலாகிவிடும்.

'ஐ அம் லிவிங் இன் பட்டிகலோவா சின்ஸ் 2010' என்பது சரியா?

சரியல்ல. '2010 இலிருந்து இங்கே வசிக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் இந்தப் பிழை வருகிறது. அன்று தொடங்கி இன்று வரை நீள்வதற்கு ஆங்கிலத்தில் ஹாவ் வேண்டும்: 'ஐ ஹாவ் லிவ்ட் இன் பட்டிகலோவா சின்ஸ் 2010.' தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், கால அளவைச் சொன்னால் ஃபோர்: 'ஃபோர் டென் இயர்ஸ்'. நேர்முகப் பரீட்சைகளில் வேலை அனுபவத்தைச் சொல்ல இது கட்டாயம் தேவைப்படும்.

ஒரே கட்டுரையில் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் கலக்கலாமா?

காரணம் இருந்தால் கலக்கலாம். மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாவைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆடி அமாவாசையன்று மக்கள் தீர்த்தமாட வருவது ஆண்டுதோறும் நடப்பதால் 'மெனி பீப்பிள் கம்' என்று நிகழ்காலத்தில் தொடங்குங்கள். போன வருடம் நீங்கள் குடும்பத்தோடு போனதற்கு வந்தவுடன் 'லாஸ்ட் இயர் வீ வென்ட்' என்று இறந்தகாலத்துக்கு மாறி, அந்த நாளின் கதை முடியும் வரை அதிலேயே நில்லுங்கள். கதையின் நடுவில் காரணமின்றி 'தென் வீ கோ', 'தென் மை பிரதர் பைஸ்' என்று நிகழ்காலத்துக்குத் தாவுவதுதான் விடைத்தாள்களில் காணப்படும் குறை. எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் வினையின் கீழ் மட்டும் பென்சிலால் கோடிட்டு, அவற்றை வரிசையாக ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தாவிய இடம் உடனே கண்ணில் படும்.

வீட்டில் ஆங்கிலம் பேச ஒருவரும் இல்லை. தனியாக எப்படிப் பழகுவது?

இரவில் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியங்களை இறந்தகாலத்தில் எழுதுங்கள். அடுத்த நாள் அதே ஐந்தையும் 'டிட் நொட்' சேர்த்து எதிர்மறையாகவும், 'டிட் யூ' சேர்த்துக் கேள்வியாகவும் மாற்றி, உரக்க வாசியுங்கள். 'ஐ வென்ட்', 'ஐ டிட் நொட் கோ', 'டிட் யூ கோ' என்று ஒரே வினை மூன்று வடிவங்களிலும் வாய்க்குப் பழகும்வரை புதிய வினைக்குப் போக வேண்டாம்.